அரிசியில் ‘அ’ எழுதியாயிற்று... அடுத்து?

விஜயதசமி காலையில் காஞ்சிபுரம் வட்டாரத்தில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தாம்பாளம் நிறையப் பச்சரிசி. அப்பா மடியிலோ தாத்தா மடியிலோ மூன்று வயதுப் பிள்ளை. பெரியவர் கைக்குள் அகப்பட்ட சின்ன விரல் அரிசியில் ‘அ’ போடுகிறது. பிள்ளையின் கண் மட்டும் பக்கத்துச் சுண்டல் மேல். வாலாஜாபாத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் இடையில் இருக்கும் தென்னேரி மாதிரி ஏரிக்கரை ஊர்களிலும் இதே கதைதான். அப்பா தறியில் உட்காருகிறவரோ, கம்பெனி பஸ் ஏறுகிறவரோ, இந்தச் சடங்கை மட்டும் விடுவதில்லை.

சடங்கு முடிந்த பிறகுதான் சிக்கல். அடுத்த ஜூனில் அதே பிள்ளை கையில் நோட்டும் பென்சிலும் வருகின்றன. ஒரு பக்கம் முழுக்க ‘அ’ எழுதி வரச் சொல்கிறார்கள். வீட்டில் அம்மா மறுபடி விரலைப் பிடிக்கிறார். இப்படியே இரண்டு மூன்று வருடம் ஓடுகிறது. தொடக்கப்பள்ளி டீச்சர்கள் பலர் சலிப்போடு சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “போர்டைப் பார்த்து அச்சு மாதிரி எழுதுவான் சார், எழுதினதைப் படிக்கச் சொன்னா முழிப்பான்.”

எழுதத் தெரிகிறது, படிக்கத் தெரியவில்லை. இது எப்படிச் சாத்தியம்? கடந்த முப்பது ஆண்டுகளில் மூளை ஆய்வாளர்களும் மொழி ஆய்வாளர்களும் கண்டறிந்தவற்றை வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. அந்தப் பிள்ளை எழுதவே இல்லை, வரைந்துகொண்டிருக்கிறான்.

கையில் எலும்பு முற்றுவதற்குள்

நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறந்த குழந்தைக்கு அந்த எட்டும் குருத்தெலும்புதான். வருடத்துக்கு ஒன்றிரண்டாக அவை இறுகி எலும்பாகின்றன. கடைசி எலும்பு இறுகுவதற்குப் பத்து வயது நெருங்கிவிடும். மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைக் கொடுத்து நாலு கோட்டுக்குள் எழுதச் சொல்லும்போது, இன்னும் கட்டி முடிக்காத கையைத்தான் வேலை வாங்குகிறோம்.

எந்த வயதில் எந்த உருவம் வரும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் கீத் பீரி 1960களில் உருவாக்கிய சோதனை இன்றும் உலகமெங்கும் பயன்படுகிறது. நின்ற கோடு இரண்டு வயதை ஒட்டி வரும். வட்டம் மூன்றில், கூட்டல் குறி நான்கில். சதுரம் ஐந்தை நெருங்கும்போது, முக்கோணம் அதற்கும் பிறகு. சாய்சதுரத்துக்கு ஏழு வயதாகலாம்.

இந்த வரிசையில் நம் ‘அ’வை எங்கே வைப்பது? தொடக்கத்தில் ஒரு சுழி, அதைச் சுற்றி ஒரு பெரிய வளைவு, திரும்பி ஒரு படுத்த கோடு, முடிவில் ஒரு நின்ற கோடு. எல்லாம் பென்சிலை எடுக்காமல். வட்டமே இப்போதுதான் கைவந்த பிள்ளைக்கு இது பெரிய வித்தை. ‘ஆ’வும் ‘இ’யும் ‘ஈ’யும் லேசுப்பட்டவை அல்ல; ‘ஔ’வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பட்டுத்தறியில் புதிதாக உட்காருகிறவனுக்கு முதல் நாளே முகூர்த்தப் புடவையின் கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வை போடச் சொல்லிக் கொடுப்பாரா யாராவது? எழுத்தில் மட்டும் நாம் அப்படித்தான் செய்கிறோம்.

அகரவரிசை என்பது இலக்கணத்தின் வரிசை. கையின் வரிசை வேறு. ‘ட’, ‘ப’ இரண்டும் வெறும் நேர்கோடுகள். ‘ம’ சேர்ந்தால் ஒரு வளைவு. இந்த மூன்றை வைத்தே படம், பட்டம், மடம், மட்டம் எழுதிவிடலாம், எழுதியதைப் படித்தும்விடலாம். இதை அறிந்த ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் வெகுகாலமாக இருக்கிறார்கள். அகரவரிசையைப் பாட்டாக வாயால் சொல்லட்டும், எழுதுவது எளிய எழுத்திலிருந்து தொடங்கட்டும் என்பது அவர்கள் கட்சி. நான் அந்தக் கட்சி.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்குப் போன மணல்

இந்த விஷயத்தில் உலகத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஊர் சென்னை என்றால் நம்பச் சற்றுக் கஷ்டம்தான்.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை, ஆசிரியர்களோ மெத்தனம். ஒருநாள் காலைக் குதிரைச் சவாரியில் உள்ளூர்ப் பள்ளி ஒன்றைப் பார்க்கிறார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதைத் தன் பள்ளியில் கொண்டுவரப் பார்த்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயரே உண்டு. பெல் 1797இல் லண்டனில் இதைச் சிறு நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்க ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர்.

பெல் மணலை விரும்பியதற்குச் செலவு குறைவு என்பதும் காரணம்தான். அதைவிட முக்கியமான ஒன்று மணலில் இருக்கிறது. தப்பாகப் போட்ட எழுத்தை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போயிற்று. சிலேட்டிலும் அப்படியே. எச்சில் தொட்டு அழித்த தலைமுறைக்கு இது நன்றாகவே தெரியும் (பல்பத்தைக் கடித்துத் தின்றதும் அந்தத் தலைமுறைதான்). நோட்டு வந்ததும் தப்பு நிரந்தரமாகிவிட்டது. அதன் மேல் சிவப்பு மை வேறு.

1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்தார். உலகப்போர் மூண்டதால் சில ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கி நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் கொண்டுவந்த பொருள்களில் ஒன்று உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். குழந்தை விரலால் தடவித் தடவி வடிவத்தை உணர வேண்டும். எழுதுவது முதலில், படிப்பது தானாகப் பின்னால் வரும் என்பது அவர் துணிபு. விரலால் தடவி எழுத்தைக் கற்ற ஐந்து வயதுக் குழந்தைகள், கண்ணால் மட்டும் கற்றவர்களைவிட எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று பிரான்ஸில் எதுவார் ஜென்டாஸ் குழுவினர் 2004இல் காட்டினார்கள்.

கோணல் எழுத்தின் மதிப்பு

இந்தக் கட்டுரைக்கு அச்சாணியான ஆய்வு 2012இல் வெளிவந்தது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார். சில எழுத்துகளை அவர்கள் தாமாகக் கையால் எழுதிப் பழகினார்கள். சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் எழுதிப் பழகினார்கள். சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அதே எழுத்துகளைக் காட்டினார். படிக்கத் தெரிந்த பெரியவர்களின் மூளையில் எந்தப் பகுதிகள் இயங்குமோ, அவை தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் தெளிவாக இயங்கின. தட்டியதற்கும், புள்ளியைத் தொடர்ந்ததற்கும் அந்த அளவு பலன் இல்லை.

ஜேம்ஸ் சொல்லும் விளக்கம் சுவையானது. குழந்தை தானாக எழுதும்போது ஒவ்வொரு தடவையும் எழுத்து ஒவ்வொரு மாதிரி வருகிறது. ஒன்று குண்டு, ஒன்று சாய்வு, ஒன்றுக்கு வால் நீளம். இத்தனை கோணலும் ஒரே எழுத்துதான் என்று மூளை தெரிந்துகொள்வதே எழுத்தறிவு. புள்ளிக்கோட்டில் எல்லாம் ஒரே அச்சு; அங்கே தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

இது சின்ன ஆய்வு, அதுவும் ரோமன் எழுத்தில் நடந்தது. ஆனால் தனி ஆய்வு அல்ல. 2005இல் பிரான்ஸில் மரீக் லோங்காம்ப், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஒரு பிரிவைக் கையால் எழுதவும் இன்னொரு பிரிவைத் தட்டவும் பழக்கினார். பிள்ளைகளில் வயதில் பெரியவர்களைப் பார்த்தபோது, கையால் எழுதியவர்களே எழுத்தைச் சரியாக அடையாளம் கண்டார்கள். கனடாவில் 2017இல் வந்த ஆய்வு இன்னொரு படி மேலே போகிறது. சரியான எழுத்துக்கூட்டு தெரியாமலே காதில் விழுந்ததை வைத்துத் தாமாக எழுதிப் பார்க்கும் மழலையர், முதல் வகுப்பில் வாசிப்பில் முன்னே நின்றார்கள்.

நம் ஊரில் இதை எப்படி எடுத்துக்கொள்வது? காஞ்சிபுரம், சென்னைப் பக்கம் ஒரு பிள்ளை ‘பழம்’ என்பதற்குப் ‘பயம்’ என்று எழுதினால் டீச்சர் அதை அடித்துவிட்டுத் திருத்துவார். ஆனால் அவன் வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். வாழைப்பழம் அங்கே வாயப்பயம். காதில் கேட்ட ஒலியை எழுத்தாக மாற்றும் வேலையை அந்தப் பிள்ளை பிசகில்லாமல் செய்திருக்கிறான். ‘ழ’வை நாளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். போர்டைப் பார்த்துப் ‘பழம்’ என்று அழகாக எழுதிய பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை அந்த வேலையை இன்னும் தொடங்கக்கூட இல்லை.

247இல் ஒளிந்திருக்கும் 108

ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247, ஆகவே தமிழ் கஷ்டம் என்று பேசுகிறவர்கள் உண்டு. 12 உயிர், 18 மெய், ஒரு சில குறிகள்; இவை தெரிந்தால் 216 உயிர்மெய்யும் வந்துவிடும், ஆகவே தமிழ் சுலபம் என்று பேசுகிறவர்களும் உண்டு. இரண்டும் பாதி உண்மை.

இந்திய எழுத்துகளைப் பிள்ளைகள் எவ்வளவு காலத்தில் கற்கிறார்கள் என்பதை முறையாக ஆராய்ந்தவர் சோனாலி நாக். கன்னடப் பள்ளிகளில் அவர் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. பிள்ளைகள் நான்காம் வகுப்பு வரைக்கும் எழுத்துகளைக் கற்றுக்கொண்டே இருந்தார்கள். ஆங்கிலப் பிள்ளை ஓராண்டில் எழுத்துகளை முடித்துவிடுவதைப் பார்த்துவிட்டு நாமும் ஒன்றாம் வகுப்பிலேயே முடிக்க அவசரப்படுவது, நம் எழுத்தின் இயல்பைப் புரிந்துகொள்ளாத அவசரம்.

கன்னடத்தைவிடத் தமிழுக்கு ஒரு சலுகை இருக்கிறது. கூட்டெழுத்து கிடையாது, மெய்க்குப் புள்ளி வைத்தால் போதும். தமிழ் வாசிப்பைப் பற்றி எழுதிய புவனேஸ்வரியும் பிரகாஷ் படகண்ணையாவும், மற்ற இந்திய எழுத்துகளைவிடத் தமிழ் அகரவரிசை எழுத்துக்கு நெருக்கமானது என்கிறார்கள்.

ஆனால் ஒரு வில்லங்கமும் உண்டு. ‘கெ’ என்று சொல்லும்போது முதலில் வருவது ‘க்’ ஒலி. எழுதும்போது முதலில் வருவது கொம்பு. காது ஒரு திசையில் போகிறது, கை இன்னொரு திசையில். எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு வரிசைக்கும் இதே நிலை. ஆறு பதினெட்டு 108. உயிர்மெய்யில் சரிபாதி! ‘கொ’வுக்கு இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் துணைக்கால், நடுவில் க. இந்தியில் இகரக் குறியும் இப்படி இடப்பக்கம்தான் விழும். அது வரும் சொற்களை வாசிக்கப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் கூடுதல் நேரம் ஆகிறது என்று ஜோத்ஸ்னா வைத், ஆஷும் குப்தா இருவரும் 2002இல் காட்டினார்கள். அங்கே ஒரு குறி. நமக்கு ஆறு வரிசை. ‘கொடி’யை ஒரு பிள்ளை ‘கெடி’ என்று வாசித்தால் கவனம் போதவில்லை என்று அதட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

உகர, ஊகார வரிசை அடுத்த தலைவலி. கு, சு, டு, து என்று ஆளுக்கொரு வடிவம். இதைச் சீராக்க வேண்டும் என்று கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி நெடுங்காலம் வாதாடினார், நடக்கவில்லை. நடந்தது 1978 அக்டோபரில். பெரியார் 1930களிலேயே கையாண்ட மாற்றங்களில் ஒரு பகுதியை எம்.ஜி.ஆர். அரசு ஏற்றது. ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளைப் போலவே எழுதப்படலாயின. அதற்கு முன் படித்த தாத்தா பாட்டிகளைக் கேட்டால் யானைத் தும்பிக்கை போட்ட ‘லை’யைப் பற்றிச் சொல்வார்கள். பிள்ளைகளின் பாரத்தைக் குறைத்த மொழிச் சீர்திருத்தம் என்றால் என் கணக்கில் அதற்குத்தான் முதலிடம்.

இன்னொன்று பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். ‘வந்துட்டிருக்கு’ என்று பேசும் பிள்ளை ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று வாசிக்க வேண்டும். காஞ்சி வட்டார நெசவாளர் வீடுகளில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசுகிறவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குத் தூரம் இரட்டிப்பு. சிங்கப்பூர் இதைப் புரிந்துகொண்டு, 2005இல் கல்வி அமைச்சின் தமிழ்ப் பாடத்திட்டக் குழு வழியாகப் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுத்தது. நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறான் என்று எண்ணும் இப்போதைய மோகத்துக்கும் இங்கே ஒரு குறிப்பு: ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது தமிழில் ஒரே சொல்.

b, d குழப்பத்துக்கு ஒரு தமிழ் விளக்கம்

ஏவ் டான்ஸிகர், எரிக் பெடர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட முடிவு தமிழ்நாட்டு ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. கோடுகளால் ஆன ஓர் உருவத்தையும், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய அதன் வடிவத்தையும் காட்டி இரண்டும் ஒன்றா என்று கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒன்று என்றார்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் அப்படியே. ஆங்கில எழுத்தும் தெரிந்தவர்கள்தான் வேறு வேறு என்றார்கள். பெடர்சன் 2003இல் தமிழர்களிடமே மறுபடி செய்து பார்த்தார். அப்போதும் இதே போக்கு.

காரணம் எளிது. b, d, p, q நான்கும் ஒரே உருவம் திரும்பித் திரும்பி நிற்பது. தமிழில் அப்படிப்பட்ட ஜோடி ஏறத்தாழ இல்லை. ஒரு மரத்தை இந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தப் பக்கம் பார்த்தாலும் அதே மரம் என்றுதான் மனித மூளை பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை விடும்படி தமிழ் எழுத்து கேட்பதே இல்லை, ஆங்கிலம் கேட்கிறது. எல்கேஜியில் இரண்டையும் ஒருசேரத் தொடங்கும் நாலு வயதுப் பிள்ளை b-யை d என்று எழுதினால் அது நோயும் இல்லை, மக்குத்தனமும் இல்லை. ஆறேழு வயது வரை பொறுக்கலாம்.

அதற்குப் பிறகும் தொடர்ந்தால், கூடவே வாசிப்பும் திணறினால், பார்க்கத்தான் வேண்டும். கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல ஆண்டுகளாக இந்தப் பணியில் இருக்கிறது. சோம்பேறி என்ற பட்டம் கட்டுவதற்கு முன்பு அங்கே ஒரு தடவை போய் வரலாம்.

தறிமேடையும் பள்ளிக்கூடமும்

காஞ்சிபுரத்தில் படிப்பைப் பற்றி எழுதிவிட்டுத் தறியைத் தொடாமல் போக முடியாது. கோர்வைப் புடவை நெய்ய இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் பல காலம் வீட்டுப் பிள்ளையாகவோ, முன்பணத்துக்கு ஈடாக வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவோ இருந்தது. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட பட்டுத் தொழில் அறிக்கையில் காஞ்சிபுரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பள்ளிச் சேர்க்கை கூடி அந்த நிலை வெகுவாக மாறிவிட்டது. ஆனாலும் 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. வாசிப்புக்கு வேண்டிய சாயங்காலம் அந்த வழியாகத்தான் போகிறது.

பிறகு வந்தது கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் கணக்கில் பெரும் சரிவு. தமிழில் அதில் ஏறத்தாழப் பாதி. வியப்பு என்னவென்றால், பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத் தன்னார்வலர்களால் வந்தது. பெரும்பாலும் அதே தெருப் பெண்கள், சாயங்காலம், வீட்டு வாசலில். திண்ணை வேறு ரூபத்தில் திரும்பிவந்தது என்று சொல்லலாம்.

2022 ஜூனில் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது அதன் உத்தி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருப்பதை ஒப்புக்கொள்வதற்கே ஓர் அரசுக்குத் துணிச்சல் வேண்டும். பதிவேடுகளும் ஆப்பும் டீச்சரின் நேரத்தைத் தின்கின்றன என்ற புலம்பலிலும் நியாயம் இருக்கிறது.

கையெழுத்தும் தலையெழுத்தும்

கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று நம் பெரியவர்கள் சொல்வது, கோழிக்கிறுக்கல்காரர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட ஆறுதலாக இருக்கலாம். ஆய்வு சொல்வது வேறு. அழகு முக்கியமில்லை, தங்குதடையின்மை முக்கியம். ஸ்டீவ் கிரஹாம் குழுவினர் 2000ஆம் ஆண்டில், எழுத்து மெதுவாக வரும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனியே கையெழுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கையெழுத்தோடு அவர்கள் சொந்தமாக வாக்கியம் எழுதுவதும் மேம்பட்டது. ‘ண’வுக்கு எத்தனை சுழி என்று யோசித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துபோகிறது.

ஆகவே பயிற்சி வேண்டும். தினம் பத்து நிமிடம், நாலைந்து எழுத்து, பார்க்காமல் நினைவிலிருந்து. நூறு தடவை இம்போசிஷன் எழுதவைப்பது பயிற்சியில் சேராது. இருபதாவது தடவைக்குப் பிறகு கை மட்டும் ஓடும், மூளை விளையாடப் போய்விடும். அது தண்டனை, தண்டனைக்கு எழுத்தைக் கருவியாக்கிய பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளைக்கு எழுத்தின் மேல் வெறுப்பைத்தான் ஏற்றி அனுப்புகிறது.

கல்வித் துறைக்கும் நம் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கன்னடத்துக்குச் சோனாலி நாக் செய்ததுபோல், தமிழ்ப் பிள்ளை எந்த எழுத்தை எந்த வகுப்பில் பிடிக்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்று பெரிய அளவில் ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்து பாருங்கள். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் பிள்ளைகள் எழுதித் தள்ளும் தாள்களே போதிய சான்று. அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் எளிது. புள்ளி வைத்த எழுத்துப் புத்தகத்துக்குச் செலவழிக்கும் காசில் ஒரு சிலேட்டும் ஒரு கதைப் புத்தகமும் வாங்குங்கள். இன்று சாயங்காலம் போர்டையும் புத்தகத்தையும் மூடிவைத்துவிட்டு, உங்கள் பிள்ளைக்குத் தெரிந்த மூன்று சொற்களைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். விரலைப் பிடிக்காதீர்கள். எழுதியதை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பு முடியும் தறுவாயிலும் அது வரவில்லை என்றால், மார்க் ஷீட்டை நம்பாமல் நாளைக் காலையே பள்ளிக்குப் போய் டீச்சரைப் பாருங்கள்.